செருப்புகள் நின்ற எல்லை

நான் கவனித்துவந்த ஒரு கோப்பு முடிந்துவிட்டால் என் கொழுந்தனுக்கு வேலை கிடைத்துவிடும் என்று எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் நம்பினார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. கணவர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். மத்திகிரியில் மூன்று வீடுகளை ஒட்டிக் கட்டிய வரிசையில் நடுவீடு எங்களுக்கு. டிப்ளமோ முடித்த கொழுந்தன் இரண்டு ஆண்டுகளாக எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தான். தேன்கனிக்கோட்டைச் சாலையில் புதிய தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு ஊரெங்கும் இருந்த காலம் அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய நாலைந்து ஆண்டுகள். அந்தப் பேட்டைக்கு நிலம் ஒதுக்கும் பிரிவில் நான் துணை வட்டாட்சியர்.

"அண்ணி கையெழுத்துப் போட்டா கம்பெனி. போடலைன்னா எனக்கு இந்தப் பாய்தான்" என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். கணவர் சிரிக்கமாட்டார்.

எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. நேரில் போய்ப் பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதினால் தவறு நேராது என்று நினைத்திருந்தேன். புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள். அது நல்ல நினைப்புத்தான். அது போதாமல் போன ஒரு நாளைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

பேட்டைக்கென்று குறித்திருந்த நிலத்தின் நடுவே நான்கு ஏக்கர் அளவில் ஒரு புறம்போக்கு இருந்தது. பதிவேட்டில் அது கல்லாங்குத்து. அதாவது உழவுக்கு ஆகாத கல்தரை. நேரில் போனபோது அங்கே புளியும் புங்கனும் ஈச்சமும் அடர்ந்து நின்றன. நடுவில் ஒரு பாறை, அதன் மடியில் கையகல நீர் கசியும் ஒரு சுனை. ஒரு புளியமரத்தடியில் மூன்று கற்கள் சாய்ந்து கிடந்தன. அப்படிச் சாய்ந்து கிடக்கும் கற்கள் அந்த வட்டாரத்தில் எங்கும் உண்டு.

என்னோடு ஊர்த் தலையாரி வந்தார். பக்கத்துக் கொல்லையில் ராகி விதைத்திருந்த ராமக்காவும் வந்தார். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் எங்களிடம் தமிழும் பேசும் பெண். அப்போது ஐம்பது வயது இருக்கும். தோப்புக்குள் நுழையும் இடத்தில், உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் நாலைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமக்கா புதரடியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா, ஏன் நின்னுட்டீங்க? கால்ல முள்ளா?"

"இல்லீங்க. நீங்க பாத்துட்டு வாங்க மேடம். நா இங்கியே நிக்கறேன்."

தலையாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் செருப்பை எப்போது கழற்றினார் என்பதை நான் கவனிக்கவில்லை. என் செருப்புகள் சருகில் சரசரக்கும் ஒலி மட்டும் கேட்டது. கால்மணி நேரத்தில் முழுவதும் சுற்றிவந்தேன். அன்று மாலையே அறிக்கை எழுதினேன்: "பாறையும் மரங்களும் உள்ள கல்லாங்குத்து. சாகுபடி இல்லை. கட்டடம் ஏதுமில்லை." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆட்சேபம் கேட்டு நோட்டீஸ் ஒட்டிய மறுவாரம் ராமக்கா அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய ராகிக் கொல்லையும் பேட்டைக்குள் போகிறது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"கொல்லைய எடுத்துக்கினீங்க, சரி. ஊருக்கு ஃபேக்டரி வருது, எங்க புள்ளைங்களும்தான் போவப்போவுது. தோப்ப ஏங்க எடுக்கறீங்க?"

"அங்க என்னம்மா இருக்கு?"

"முனேஸ்வரன் இருக்காரு."

"நான் நேர்ல பாத்தேனேம்மா. கோயில்னு ஒண்ணும் இல்லியே. ஒரு சுவர், ஒரு மேடைன்னு ஏதாவது இருந்தாக்கூட நான் எழுதலாம். ஒண்ணுமே இல்லாம நான் என்னத்த எழுத?"

அன்போடுதான் சொன்னேன். அவருக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தேன். அவர் டம்ளரைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, சாலை முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்த காதர் பாய் வந்தார். அந்தச் சுனையருகே வெகு காலத்துக்கு முன் பாவா என்று அவர்கள் போற்றும் சூஃபிப் பெரியவர் ஒருவர் தங்கியிருந்தார், வியாழக்கிழமைகளில் தங்கள் குடும்பங்கள் அங்கே போய்த் தண்ணீர் எடுத்துவரும், அதை விட்டுவிட வேண்டும் என்றார். அவருக்கும் அதே பதிலைச் சொன்னேன். கோப்பை மூடிவைத்தேன்.

பத்து நாள் கழித்து, காலை ஒன்பதரை மணிக்கு கிராம நிர்வாக அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலில் பதற்றம்.

"மேடம், தோப்பாண்ட ரெண்டு டிராக்டர் செங்கல் எறங்கிருக்கு. ஒண்ணு ராமக்கா ஆளுங்களுது, ஒண்ணு பாய் ஆளுங்களுது. ரெண்டு பேரும் கடக்கால் தோண்டறதுக்குக் கயிறு கட்டறாங்க. பாறைக்குப் பக்கத்துல, ஒரே எடத்துல."

மாவட்ட வருவாய் அலுவலரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "சாயந்திரம் அஞ்சு மணிவரைக்கும் உங்களுக்கு. அதுக்குள்ள ரெண்டு தரப்பும் விலகலைன்னா நான் போலீஸ்கிட்ட குடுத்துடுவேன். சட்டம் ஒழுங்குன்னு ஆயிட்டா அப்புறம் மரம், பாறைன்னு யாரும் பாக்கமாட்டாங்க. அன்னிக்கே மெஷினை விட்டுத் தரையாக்கிடுவாங்க."

ஜீப்பில் என்னுடன் எங்கள் நில அளவர் வந்தார். பெயரைப் பெரிதுபடுத்துவது அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. என்னைவிட நான்கைந்து வயது இளையவர். என் முப்பத்திரண்டு ஆண்டுப் பணியில் நான் யாரிடமாவது பாடம் படித்தேன் என்றால் அவரிடம்தான். படித்தது அந்த ஒரே பகலில்.

தோப்பின் வாயிலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். இரு பக்கமும் செங்கல் குவியல்கள். ஒருவர் கையில் கடப்பாரை. பல்லாண்டுகளாக ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ராமக்காவின் பக்கம் நின்ற ஒருவர் உரக்கச் சொன்னார்: "ஏன் பாய், உங்க பாவா இத்தினி வருசமா வெயில்ல குந்தினு இருந்தாரே, இப்ப என்னா திடீர்னு கூரை கேக்கறாரு?"

"உங்க முனேஸ்வரன் கேட்டாருல்ல? பக்கத்து வூட்டுக்காரரு, அதப் பாத்து இவரும் கேக்கறாரு" என்றார் காதர் பாய்.

இரண்டு பக்கத்திலும் சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு அரை நொடிகூட நிற்கவில்லை. கடப்பாரை தரையில் ஓங்கி ஊன்றப்பட்டது.

நான் முன்னால் போய்க் கேட்டேன்: "இங்க கட்டடம் கட்டணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

ராமக்கா என்னை வியப்போடு பார்த்தார். "நீங்கதான் மேடம்."

"எனக்கும் நீங்கதாங்க சொன்னீங்க" என்றார் காதர் பாய்.

நான் விளக்கம் என்று நினைத்துச் சொன்னதை அவர்கள் வழி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் வெறும் வாக்கியம் அந்தப் பக்கம் போகும்போது உத்தரவாகிவிடுகிறது. அந்தச் செங்கற்களை இறக்கியவள் நான்தான்.

மணி பன்னிரண்டை நெருங்கியது. ஒற்றுமையைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். நில அளவர் என்னைச் சற்று ஒதுக்கி அழைத்தார்.

"மேடம், இப்ப புத்தி சொல்லாதீங்க. யாரு எடம்னும் கேக்காதீங்க. கேட்டா ரெண்டு பேருமே என்துன்னுதான் சொல்லுவாங்க. எல்லை எதுன்னு கேளுங்க. நான் முளைக்குச்சி அடிக்கற ஆளு, எனக்கு அது போதும்."

எல்லையை எப்படிக் கேட்பது? வேலி இல்லை, கல் இல்லை. அப்போதுதான் உண்ணிச்செடிப் புதர் என் கண்ணில் பட்டது. அதனடியில் அன்றும் செருப்புகள் கிடந்தன. அவ்வளவு கோபத்தோடு வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போய்க் கயிறு கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் செருப்பு அணிந்து நின்றவர்கள் எல்லோரும் புதருக்கு வெளியே நின்றார்கள்.

காதர் பாயைக் கிராம நிர்வாக அலுவலரோடு அவர் கடைக்கே அனுப்பி, நான் கூப்பிடும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். பிறகு ராமக்காவிடம் கேட்டேன்: "இந்தத் தோப்புக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும், நீங்க செருப்பை எங்கெங்க கழட்டுவீங்க? நடந்து காட்டுங்க."

அவர் உடனே நடக்கத் தொடங்கினார். புதரில் தொடங்கி, ஓடைக்கரையைத் தொட்டு, ஒரு பிளந்த பாறையைச் சுற்றி, ராகிக் கொல்லையின் மேட்டுவழியாகத் திரும்பி வந்தார். அவர் நின்று காட்டிய இடங்களிலெல்லாம் நில அளவர் ஒரு முளையை அடித்து, தலை வெளியே தெரியாதபடி சருகால் மூடினார். பதினொரு முளைகள்.

பிறகு காதர் பாயை வரவழைத்து அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் நடந்தார். அவர் நின்ற முதல் இடத்தில் நில அளவர் குனிந்து சருகை விலக்கினார். முளை அவர் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவதில் கூட்டம் பின்னாலேயே நடக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறை சருகு விலகும்போதும் மூச்சை இழுக்கும் ஒலி மட்டும் கேட்டது.

வடக்கு மூலையில் அவர் முளைக்கு நாலு அடி வெளியிலேயே நின்றுவிட்டார். நான் அருகே போய்க் கேட்டேன்:

"ஏன் பாய் இங்கயே நின்னுட்டீங்க?"

"இங்க ஒரு புங்கமரம் இருந்திச்சுங்க. எங்க அப்பா அதுக்கு அடியிலதான் கழட்டுவாரு. அப்புறம் காத்துல விழுந்திடிச்சு."

கூட்டத்தின் பின்னாலிருந்து ராமக்காவின் குரல் வந்தது: "ஆமா, வாஸ்தவந்தான். எங்க மாமியாரும் அந்த மரத்தச் சொல்வாங்க. நாந்தான் சுருக்கிட்டேன். பாய் சொல்ற எடத்துலயே அடிங்க."

முதன்முறையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கடப்பாரை வைத்திருந்தவர் அதைத் தோளில் சாத்திக்கொண்டார். நில அளவர் அந்த முளையைப் பிடுங்கி நாலு அடி வெளியே அடித்தார். நான் அதுவரை பார்த்த நில அளவைகளில், எதிர்த்தரப்பு கேட்காமலே எல்லை விட்டுக்கொடுக்கப்பட்டது அங்குதான்.

பிறகு பாறை நிழலில் உட்கார்ந்து பேசினோம். செருப்பை உண்ணிச்செடிப் புதரில் விட்டுவிட்டுத்தான் நானும் உட்கார்ந்தேன். காதர் பாய் சொன்னார்: "பாவாக்குக் கூரை ஆவாதுங்க. மேல எதுனா கட்டுனா அவரு போயிடுவாருன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க. ஆனா எடமே போயிட்டா அவரு எங்க வருவாரு? அதுக்கோசரந்தான் மனச கல்லாக்கினு செங்கல் எறக்கினேன்."

ராமக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கும் அதேதாங்க. முனேஸ்வரன் வானம் பாத்த சாமி. கூரை போட்டா கோவிச்சுக்கினு போயிடும். போனாலும் போவட்டும், மரமாவது நிக்கட்டும்னுதான் வந்தேன்."

அந்த இடத்தைக் காப்பாற்ற, அந்த இடத்தின் விதியை உடைக்க இருவருமே தனித்தனியாகத் துணிந்திருந்தார்கள். சாமியை இழந்தாவது மண்ணை வைத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு அவர்களைத் தள்ளியது, சுவர் என்றும் மேடை என்றும் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று நான் கேட்டதே இல்லை.

கேட்டபோது எல்லாம் வந்தது. தோப்பிலிருந்து காய்ந்த சுள்ளிகூட வெளியே போகாது. காதர் பாயின் மக்கள் சுனைத் தண்ணீர் எடுப்பார்கள். ராமக்காவின் மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை பூசை வைத்து, புளியமரத்தடி மண்ணை ஒரு பிடி எடுத்துப்போய் விதையில் கலப்பார்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முன்தினம் மத்திகிரியிலிருந்து சில கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து, ஊராரிடம் கேட்டுவிட்டு, ஈச்சங்குருத்து வெட்டிப்போவார்கள். அவர்களும் புதரடியில்தான் செருப்பை விடுவார்கள். தண்ணீர், மண், குருத்து. ஆளுக்கு ஒன்றுதான், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை.

ஒரே தாளில் வாக்குமூலம் எழுதினேன். முளைகளின் எல்லையைக் குறித்து, அதற்குள் எந்தத் தரப்பும் எதையும் கட்டுவதில்லை என்றும், செருப்போடு நுழைவதில்லை என்றும் எழுதினேன். படித்துக் காட்டியபோது ராமக்கா கையை உயர்த்தினார்.

"இன்னொண்ணு எழுதுங்க. ஆபீசருங்களும் செருப்பக் கழட்டணும்னு."

சிரிப்பு எழுந்தது. எழுதினேன். எழுதிவிட்டு, முதல் ஆய்வின்போது நான் செருப்போடு நுழைந்ததைச் சொன்னேன்.

"தெரியுமே, பாத்துக்கினுதான நின்னேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆபீசர்கிட்ட போயி செருப்பக் கழட்டுன்னு எப்பிடிங்க சொல்றது? நீங்க போனப்புறம் நாந்தான் தண்ணி தெளிச்சு, 'தெரியாத பொண்ணு, மன்னிச்சிடு'ன்னு உங்களுக்கும் சேத்து வேண்டிக்கினு வந்தேன்."

அவர் தெலுங்கில் கையெழுத்திட்டார். காதர் பாய் உருதுவில். பிறகு நில அளவர், பிறகு நான். நால்வர் கையெழுத்தோடு அந்தத் தாள் மாவட்ட வருவாய் அலுவலரின் மேசைக்குப் போனபோது ஐந்து மணிக்கு இன்னும் கால்மணி நேரம் இருந்தது. அதனோடு என் திருத்த அறிக்கையும் இருந்தது. "கட்டடம் ஏதுமில்லை" என்ற வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழே, "கட்டடம் இல்லாதிருப்பதே இவ்விடத்தின் வழிபாட்டு முறை, இதை முதல் ஆய்வில் கேட்டறியத் தவறியது என் பிழை" என்று சேர்த்திருந்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "முதல் அறிக்கை பொய்யா?"

"இல்லை சார். எழுதினது எல்லாம் உண்மை. அதை வச்சு வந்த முடிவு தப்பு."

"இந்தக் கடைசி வரியை எடுத்துடுங்களேன். எல்லையும் வாக்குமூலமும் மட்டும் போதும். இந்த வரி இருந்தா உங்ககிட்ட விளக்கம் கேப்பாங்க. இந்த வருஷம் பதவி உயர்வு நின்னுடும்."

அவர் நல்ல மனிதர். என்மேல் உள்ள கரிசனத்தில்தான் சொன்னார். அந்த வரி இல்லாவிட்டால் முதல் அறிக்கையும் திருத்தமும் ஒன்றோடொன்று மோதி நிற்கும். நாளைக்கு வருபவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். அது இருக்கட்டும் என்றேன். அவர் பேனாவை எடுத்து, கீழே "பரிந்துரைக்கிறேன்" என்று எழுதினார்.

சில மாதங்களில் தோப்பை விட்டுவிட்டு ஆணை வந்தது. பேட்டையின் சாலை வளைந்தது. பெரிய மனையொன்று இரண்டாகப் பிரிந்தது. அதை எடுப்பதாக இருந்த கம்பெனி, துண்டு நிலம் வேண்டாமென்று எல்லைக்கு அப்பால் கர்நாடகப் பக்கம் போய்விட்டது. எனக்குப் பதவி உயர்வு இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கணவர் பல வாரங்கள் என்னோடு சாப்பாட்டு வேளைப் பேச்சுக்கு மேல் எதுவும் பேசாதது பெரிதாகப் பட்டது. "மரத்துக்குப் பாத்த, தம்பிக்குப் பாக்கலியே" என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அதில் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. சரியான முடிவு எடுத்தால் வீட்டில் விளக்கேற்றி வரவேற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கொழுந்தன் கடைசியில் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பட்டறையில் சேர்ந்தான். நாள்தோறும் ஜூஜுவாடிச் சோதனைச்சாவடி நெரிசலில் பேருந்துக்குள் நின்றபடி போய்வந்தான். ஓராண்டுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடனுக்கு வாங்கிய பைக்கை வாசலில் நிறுத்தி, "அண்ணி, என் கம்பெனியை முழுங்கின அந்தக் காட்டைக் காட்டுங்க, பாப்போம்" என்றான். போனோம். புதருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ஷூ லேஸைக் குனிந்து அவிழ்த்தபடியே, "இங்கதான கழட்டணும்?" என்று கேட்டான். நான் அவனிடம் அதைச் சொன்னதே இல்லை. கிடந்த செருப்புகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறான். அந்தப் பார்வை எனக்கு முதல் நாளில் இல்லாமல் போயிற்று.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. ஆய்வுக்குப் போகும் இடத்தில் உங்களோடு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டால், நீங்களும் நில்லுங்கள். எழுத வேண்டியது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. "ஏதுமில்லை" என்று எழுதும் முன், ஏன் இல்லை என்று ஒருவரையாவது கேளுங்கள்.

அன்று இறங்கிய செங்கற்களில் ராமக்காவுடையது மாட்டுக்கொட்டகையாயிற்று. காதர் பாயுடையது வெகுநாள் சாலையோரம் கிடந்து, மேலே புல் முளைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிற்று. தோப்பின் இரண்டு பக்கமும் இப்போது லாரிகள் நிற்கின்றன. கோடையில் சுனை வற்றிவிடுகிறது. ஐப்பசியில் திரும்ப ஊறுகிறது. வியாழக்கிழமைகளில் காதர் பாயின் மகள் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு வருகிறார். உள்ளே கட்டடம் ஏதுமில்லை.

நில அளவர் பணியில் இருக்கும்போதே நோயில் போய்விட்டார். காதர் பாய் அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அந்தத் தாளில் கையெழுத்திட்ட நால்வரில், ராமக்காவும் நானும் இருக்கிறோம்.